அக்காவின் தெருவுக்கு வழி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் புதுக்கோட்டைக்குக் கிழக்கே மனை பிரித்தபோது, அக்கா வீட்டாரும் நானும் ஆளுக்கொன்று வாங்கினோம். அவர்கள் மனை ஒரு தெருவில், என் மனை அடுத்த தெருவில். கொல்லைக்குக் கொல்லை ஒரே சுவர்தான். என் வீட்டை ஒட்டி இரண்டு தெருவையும் சேர்க்கிற ஒரு சந்து விடுவதாகப் பேச்சு. மனைவியை இழந்து தனியாக இருந்த நான் அந்தச் சந்தை நம்பித்தான் வாங்கினேன்.

ஊருக்குள் ராஜ வீதிப் பக்கம் வளர்ந்தவன் பாருங்கள், வழியில்லாத தெருவை நான் கண்டதில்லை. அங்கே ஒரு தெருவில் நுழைந்தால் எந்தத் தெருவிலும் ஏறலாம். மோர்க்காரியிலிருந்து மேளக்காரர் வரை நம் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். வாய்க்கு ஓய்வே கிடையாது.

இங்கே சந்து திறக்கவில்லை. அக்கா தெருவில் அது போய்ச் சேரும் இடத்துக்கு நேர் எதிரே, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு கட்டியிருந்தார். வழி நேராக வந்து வாசலில் முட்டினால் தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று மறித்துவிட்டார். ஊரில் எல்லோரும் செய்கிறபடி அவர் வீட்டுச் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாமே என்று கேட்கப் போனேன்.

"வைக்கிறது பெருசில்லீங்க. தெனம் வெளக்குப் போடணும். யாரு போடுவா?"

"நான் போடுறேன்."

"நீங்க இருக்க மட்டும் போடுவீங்க. அப்புறம் குத்து எங்களுக்குத்தானே?"

அவர் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். எழுந்து வந்துவிட்டேன். சந்தின் இரு முனையிலும் சுவர் எழும்பியது.

அக்கா அம்மியில் அரைப்பது எனக்குக் கேட்கும். அவளைப் பார்க்க வேண்டுமானால் தெருமுனைக்குப் போய், பஸ் ரோட்டில் நடந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். அங்கிட்டு காக்காகூடச் சுத்தித்தான் போகணும் என்று ஒரு வண்டிக்காரர் சொல்லிச் சிரித்தார். மோர்க்காரி ஒருமுறை வந்து, மறுபக்கம் வழியில்லை என்று பார்த்துவிட்டுப் போனவள்தான். நான் பார்த்த ஜவுளிக்கடை வேலை முடிந்தால் என் பேச்சும் முடிந்தது.

பிறகு அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்தே பேசுவாள். ஒரு நாள், ஊருக்குள் வாடகைக்குப் போவதாகச் சொன்னாள்.

"இங்கன கெடந்தா எனக்குப் பேச்சே மறந்துரும்டா தம்பி."

நான் யாரோடு பேசுவேன் என்று கேட்க வந்தவன், எந்த வண்டி பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

போகிற அன்று வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பாத்திரம் ஏற்றுகிற சத்தம் கேட்டு, இரு, சுற்றி வாரேன் என்று கத்தினேன்.

"சுத்தாதடா. நீ வரங்காட்டியும் வண்டி நிக்காது. அங்கனயே நில்லு, நான் போயிட்டு வாரேன்."

சுவரில் கைவைத்து நின்றேன். மாட்டின் சலங்கை தெருமுனை வரை கேட்டது.