அரண்மனை எழுதிய பாய்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் முன்பு சங்கு சேமித்து வைத்த, கூரை போன கிட்டங்கி ஒன்று இருந்தது. மாதா கோயில் வளவில் புனிதர்களின் கதையை மட்டுமே கூத்தாக ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால், தாங்களே எழுதிய ராசா கதையை ஆட எங்கள் ஊர் இளைஞர்கள் அந்தக் கிட்டங்கியைக் கூட்டித் துப்புரவாக்கினார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிவந்தால் அதுதான் மண்டபம். அம்மாவின் தம்பியான என் மாமா அங்கே ஓவியர். பாட்டு வராததால் கிடைத்த பதவி அது.

அரண்மனைக் காட்சியை எழுதித் தொங்கவிடப் பெரிய சீலைத் துணி தேவைப்பட்டது. அவருக்குத் தெரிந்த பெரிய சீலை, அப்பாவின் வள்ளத்துப் பாய்தான்.

"வெறும் சாயம்தான், அத்தான். கழுவினாப் போயிடும்."

"போகாட்டி?"

"நானும் உங்களோட தொழிலுக்கு வாறன்."

கடலைக் கண்டாலே சத்தியெடுக்கும் மாமா இப்படிச் சொன்னதும் அப்பா சிரித்துக்கொண்டு பாயைக் கொடுத்துவிட்டார்.

சிவப்புத் தூண்கள், சிவப்பு மாடங்கள், மயில் என்று மாமா அடித்துச் சொன்ன இரண்டு கோழிகள். சனிக்கிழமை பின்னேரம் அந்த அரண்மனையைப் பார்த்து ஊரே கை தட்டியது. நான் கதிரையில் ஏறி நின்று தட்டினேன்.

மறுநாள் கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தும் அரண்மனை அசையவில்லை. சாயம் போதாமல் வள்ளத்துக்குப் பூசும் பெயின்ரைக் கலந்திருந்தார் மாமா.

"உனக்கு விசரேடா?" என்று அம்மா கத்தினார். "இருக்கிறது ஒரே பாய். நாளைக்கு இந்த மனிசன் என்னத்தைக் கட்டிக்கொண்டு போறது?"

அப்பா அதையே கட்டிக்கொண்டு போனார். "ராசா தொழிலுக்குப் போறார், விலத்துங்கோ!" என்று துறையே ஆரவாரித்தது.

மத்தியானம் மற்ற வள்ளங்கள் திரும்பிவிட்டன. அப்பா வரவில்லை. எதிர்க்கரை இந்தியா என்பதால் எங்கள் கடலில் கடற்படை ரோந்து எப்போதும் இருக்கும். அம்மா என் கையை இறுகப் பிடித்தபடி துறையில் நின்றார். விரல்கள் நோவதாகச் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு, தொடுவானத்தில் நகத்தளவு சிவப்பாக அரண்மனை தெரிந்தது. அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"நேவிக்காரர் மறிச்சவங்கள்," என்று அப்பா இறங்கும்போதே சிரித்தார். "உது எந்த நாட்டுக் கொடி எண்டு கேட்டாங்கள். ராசாவின்ர வீடு எண்டனான். கோழி நல்லாயிருக்கு எண்டு சொல்லி விட்டிட்டாங்கள்."

"அது மயில்!" என்றார் மாமா.

அன்று பின்னேரமே மண்ணெண்ணெயும் துணியுமாகப் பாயைத் துடைக்க அவர் வந்தார். அம்மா போத்தலைப் பறித்து வைத்துக்கொண்டார். "விடடா. அது கிடக்கட்டும்."

அதன்பிறகு அம்மா தினமும் வேலிக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லாப் பாயும் ஒரே அழுக்கு வெள்ளையாய் வரும் கூட்டத்தில், எங்கள் அரண்மனை தெரிந்த பிறகுதான் உலை வைப்பார். இத்தனை வருசத்துக்குப் பிறகு, போன வாரம் என் மகளின் பேருந்து இரண்டு மணித்தியாலம் பிந்தியது. தெருவில் நின்று, வந்த வாகனம் ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் பார்த்தேன். அவள் இறங்கியதைக் கண்ட பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அந்தச் சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அம்மாவுக்குப் பாயிலிருக்கும் படம் நன்றாகப் பிடித்துப்போயிற்று என்று மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, அடுத்த கூத்துக்கு அம்மாவின் கல்யாணக் கூறைச்சேலையைக் கேட்டு வந்தார்.