சுவரோடு நின்ற தறப்பாள்

தெஹியோவிட்டவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் என் அக்கா குடியிருக்கிறாள். ஒரே அறை, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் புகை படிந்த குசினி. அதற்கு மேலே இன்னோர் அறை எழுப்ப அவள் முடிவு செய்தபோது நான் அவிசாவளையில் ஒரு மரக்காலையில் பலகை அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ரம்புக்கனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்கு முன் வேறெங்கோ. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. அக்கா கூப்பிட்டாள், போனேன்.

அந்த அறை அவளுடைய மருமகளுக்காக. மகனுக்குக் கல்யாணமாகி, குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் அக்காவுமாகப் படுத்தார்கள். மருமகள் பிரசவத்துக்குப் பெல்மதுளைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாளாம்: "மாமி, புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா எங்களுக்குன்னு ஒரு கதவு வேணும்." அதில் தப்பில்லை. பேரப்பிள்ளை தன் கூரைக்குக் கீழே வளர வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

லயத்தில் வீட்டை வெளியே நீட்ட முடியாது. ஓர் அடி நீட்டினாலும் தோட்டத்து ஆபிசிலிருந்து ஆள் வந்துவிடும். மேலே போவதை மட்டும் கண்டும் காணாமலும் விடுவார்கள். எனவே தகரத்தைக் கழற்றி, சுவரை ஆள் உயரத்துக்கு உயர்த்தி, பலகைத் தளம் போட்டு, அதே தகரத்தை மேலே ஏற்றுவது என்று பேச்சு. சித்திரை வருசம் முடிந்த கையோடு தொடங்கினோம். கட்ட வந்த கொத்தனாரை பாஸ் என்போம், கீழ்க் கிராமத்துச் சிங்களவர். தகரம் இறங்கியதும் வானத்தைப் பார்த்தார். மழை வரும், வீட்டை மூடுகிற தறப்பாள் துணியை அடுத்த வீட்டுத் தகரத்தின் மேலேயும் ஏற்றிப் போட்டுக் கல் வையுங்கள் என்று சொன்னார்.

அவருக்கு லயத்து வழக்கம் தெரியாது. லயத்துக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே கூரைதான். ஆனால் அடுத்தவர் தகரத்தில் யாரும் கால் வைப்பதில்லை. துருப்பிடித்த தகரம். மிதித்தால் ஆணி இளகும், பிறகு ஒழுகும். அப்படி ஒழுகியதால் சாவு வீட்டுக்குக்கூடப் போகாமல் பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்த வீட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு விதவை இருந்தாள். அக்காவை மதினி என்பாள். பாஸ் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"மதினி, ஒங்க கூரைய என்னமும் பண்ணிக்கோங்க. என் தகரத்துல கல்லத் தூக்கி வச்சா நல்லாருக்காது. அது தகரமில்ல, அப்பளம்."

"அப்பளத்துக்குக் கீழயா இம்புட்டு நாளும் குடியிருந்த?" என்றாள் அக்கா.

"நான் அப்பளத்துலயே இருக்கேன். மாடி கேக்க எனக்கு மருமகளா இருக்கா?"

அக்கா முகம் மாறியது. என்னிடம் திரும்பினாள். "தம்பி, அவ தகரத்துல நம்ம துணி படக் கூடாது. சுவரோட நிறுத்து."

"சுவருக்குள்ள தண்ணி எறங்கும்க்கா."

"எறங்குனா எறங்கட்டும். வெட்டுடா."

நடுச்சுவரின் விளிம்போடு தறப்பாளை வெட்டினேன். மிச்சத் துண்டை விறகுக் கட்டுக்கு மேலே போட்டாள்.

சில நாட்கள் தூறலோடு போயின. துணி பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும்போது கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளிவிடுவேன். ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, பால் வாளிகளோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். பிறகு மழை. பேச்சுக் கேட்காத மழை. காற்று பக்கத்து வீட்டுத் தகரத்தின் வெட்டு முனை வழியாகத் தண்ணீரைத் தள்ளி, தறப்பாள் முடிகிற இடத்தில் சுவருக்குள் ஊற்றியது. அது கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர். உயர்த்துவதற்காக அதன் தலையை பாஸ் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார். சுண்ணாம்பு பெயர்ந்து, சுவரிலிருந்து சிவப்பாய் மண் கரைந்து வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். "மதினி! சுவரு என் பக்கம் பொடைச்சிக்கிட்டு வருது! தறப்பாள இங்கிட்டு இழுத்துப் போடச் சொல்லுங்க! கல்லு வைங்க, என்னத்தையாச்சும் வைங்க!"

இழுக்கத் துணி இல்லை. அக்கா மழையில் இறங்கி விறகின் மேலிருந்த துண்டை உருவிக்கொண்டு வந்தாள். முதல் தடவையாக அடுத்தவர் தகரத்தில் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது சரிதான், கால் வைத்த இடமெல்லாம் உள்ளே போயிற்று. துண்டைப் போட்டு முடிக்கும்போது சுவர் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. மாடித் தளத்துக்கு வாங்கி வைத்திருந்த பலகைகளைத் தூக்கி, இரண்டு வீட்டுக்குள்ளும் சுவருக்கு முட்டுக் கொடுத்தோம். அந்தப் பக்கம் அவளும் அக்காவும் சேர்ந்து ஒரு பலகையைப் பிடித்தார்கள்.

மறுநாள் பாஸ் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இது காயாமல் மேலே ஒரு கல்லும் ஏற்ற முடியாது என்றார். பெருமழை இனிமேல்தான். அந்த மலையில் சுவர் எப்போது காயும்? பழைய தகரத்தைப் பழைய இடத்திலேயே அடித்தோம். ஆணி ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தாரில் துணி முக்கி அடைத்தோம். அப்படியும் ஒழுகியது.

பெண் குழந்தை பிறந்த செய்தியை, மனைவியோடு போயிருந்த மகன் போனில் சொன்னான். பெல்மதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருப்பதாகவும் சொன்னான். "மழ முடியட்டும்மா, பொறகு பாப்போம்."

"கதவு நல்லாப் பூட்டுதா?" என்று அக்கா கேட்டாள்.

"பூட்டுதும்மா."

அந்த வாரமே நான் இரத்தினபுரிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். சென்ற மாதம் மறுபடி போய்ப் பார்த்தேன். பலகைகள் இன்னும் சாய்ந்தபடியே நிற்கின்றன, அடியில் பூஞ்சணம். பக்கத்து வீட்டுக்காரி தன் பக்கத்துப் பலகையில் பால் வெட்டும் கத்தியையும் ஈரச் சாக்கையும் தொங்கவிட்டிருக்கிறாள். அக்காவின் பக்கத்தில், சேலை கட்டியிருந்த இடத்தில்தான் முட்டு விழுந்திருக்கிறது. குசினிக்குப் போகும்போதெல்லாம் அவள் குனிந்து அதற்குக் கீழே நுழைந்து போகிறாள். பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாள்.