நாலாவது மாடியில் ஒரு கேமராவும் உடைந்த காலும்

1. ஏணி

ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான தன்லியினில் ஒரு கல்யாணம். மணமேடையை மேலிருந்து எடுக்க ஏணியில் ஏறினேன். எடுத்தது ஒரே படம். இறங்கியது ஏணி வழியாக இல்லை. வலது காலில் மாவுக்கட்டு போட்ட டாக்டர், மூன்று மாதம் வீட்டைவிட்டு அசையக் கூடாது என்றார். எங்கள் வீடு ரங்கூன் தின்கன்ஜூன் பகுதியில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முப்பது வருஷம் ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்தவனுக்கு ஒரு பால்கனிதான் மிச்சம்.

முதல் வாரம் என் மனைவி மல்லிகா சமைத்ததையெல்லாம் எடுத்தேன்.

"ஏங்க, கொழம்பு ஆறிப் போவுது. திங்கறதுக்கு வச்சேனா, போட்டோ புடிக்க வச்சேனா?"

கேமராவைத் தொடாத நாட்களில் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதற்கு ஆறிய குழம்பே தேவலை என்று பிறகு அவளே சொன்னாள்.

2. கயிறு

ரங்கூனில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர், மருந்து எல்லாம் அதில்தான் ஏறி வரும். ஒரு நாள் மணி அடித்தது மா சபே. எங்கள் கட்டடத்தின் கீழே, நடைபாதையில் நாற்காலி போட்டு ஊ மிண் என்பவரின் டீக்கடை. அவர் ஒதுக்கிக் கொடுத்த ஓரத்தில் மேசை போட்டுத் தமேய்ன் விற்பவள். தமேய்ன் என்றால் பெண்கள் கட்டும் லுங்கி. அவள் புருஷனுக்கு லைங் தாயா பக்கத்தில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை போய்விட்டது. இரண்டு பிள்ளைகள். அந்த மேசைதான் சோறு.

"ஆகோ, ஃபோன்ல போட்டு விக்கலாம்னா என் படமெல்லாம் இருட்டா வருது. நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

'ஆகோ', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுவிட்டு 'சும்மா' என்றது சுட்டது. ஆனாலும் துணியை மடித்துப் பையில் போட்டு அனுப்பச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம், ரிஃப்ளெக்டருக்கு தெர்மாகோல், ஜரிகை மின்னுவதற்கு மல்லிகாவின் எவர்சில்வர் தட்டு. பத்தே நாளில் மா சபேக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. கல்யாண ஆல்பத்தில்கூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

3. பேக்லைட்

பிறகு ஒரு பச்சைப் பட்டுத் தமேய்ன் வந்தது. சாயங்கால வெயில் அதன் வழியாக வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். மூங்கில் கழியில் விரித்துப் பால்கனிக்கு வெளியே நீட்டிக் கட்டினேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று.

கீழே சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. தமேய்னுக்கு அடியில் ஆண்கள் போகமாட்டார்கள். போனால் ஆணுக்குரிய மகிமை குறையும் என்பது பர்மியர் நம்பிக்கை. அது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? நல்ல வெளிச்சம் கண்ணை மறைத்துவிட்டது. அவசரமாகக் கழியை இழுப்பதற்குள் மா சபே ஃபோனில் அழுதாள்.

"ஆகோ, டீ குடிச்சிட்டிருந்தவங்க பாதியில எந்திரிச்சிட்டாங்க. அது உன் துணிதானே, நாளையிலேர்ந்து இங்க மேசை போடாதேன்னு ஊ மிண் சொல்லிட்டாரு."

தப்பு செய்தவன் நான், நாலு மாடி உயரத்தில் பத்திரமாக. தண்டனை அவளுக்கு. ஊ மிண்ணுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

4. படி

மல்லிகா தடுத்தாள். "இந்தக் காலோட எங்க போவீங்க?" பிறகு அவளே என் மாவுக்கட்டுக் காலைத் தாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்தேன். அறுபத்தெட்டுப் படி. டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது லுங்கியின் பின்பக்கம் கிழிந்திருந்தது.

கைகூப்பி, "தப்பு என்னோடது. அவளுக்கு எதுவுமே தெரியாது" என்றேன்.

ஊ மிண் என்னையே பார்த்தார். கோபம் தணியவில்லை.

"இந்தக் காலோட எதுக்குய்யா எறங்கினே?"

"நீங்க ஃபோன் எடுக்கலையே."

அவர் ஒரு டீயை என் முன்னால் வைத்தார். பிறகு மா சபேயின் பக்கம் திரும்பாமலே, "மேசை அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் பால்கனியை நான் கீழேயிருந்து பார்த்ததே இல்லை. கடையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது நேராகத் தலைக்குமேல் இருந்தது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஃபிரேமில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதாது. அதற்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். அந்தப் பச்சைப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

திரும்ப ஏறுவது எப்படி என்று விழித்தேன். ஊ மிண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் டீயைப் பாதியில் விட்டு எழுந்த அதே ஆட்கள் நாலு பேர் வந்து என்னை அதில் உட்கார வைத்து, நாலாவது மாடிவரை தூக்கிக்கொண்டு போனார்கள்.