தொடைக்கு அடியில் வலது கை

வலது கையைத் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டுதான் திரையைப் படிக்கிறார். வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக. எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பதையும் படித்த பிறகே கை வெளியே வரும். என்டரைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நோயாளிகளின் பதிவுகளைக் காப்பது அவர் வேலை. ‘நிதானம் மேடம்’ என்று பெயர் வைத்தவன், பக்கத்து மேசைக்காரனான நான்தான். அவர் கணவரும் என் கட்சி. “உப்பு போட்டேனான்னு கேக்கறவங்களப் பாத்திருக்கேன் சார். இவ போடலாமான்னு கேப்பா!”

ஆறு வருடத்துக்கு முன்னால், சோதனைக்கு வைத்திருக்கும் நகல் என்று நினைத்து, நிஜப் பதிவிலிருந்தே ஒரு பட்டியலை அழித்துவிட்டார். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியல். மீட்க நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் வார்டிலிருந்து நர்ஸ் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்: “இவருக்கு ஆகாத மருந்து எதுவும் இல்லன்னு காட்டுது மேடம். ஊசி போட்டுரலாமா?”

“போடாதீங்கன்னு கத்தினேன். அந்தம்மா மட்டும் கேக்காம இருந்திருந்தா?” என்பார். இன்றைக்கும் வார்டு போன் மணியடித்தால் அவர் முகம் வெளுத்துவிடும். நாங்கள் சிரிப்போம்.

நேற்று காலை அதே பட்டியலின் நகலை அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. அழிப்பவர் ஒருவர், பக்கத்தில் நின்று சரிபார்ப்பவர் இன்னொருவர் என்பது அவர் போட்ட சட்டம். அழிப்பது என் முறை. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது.

“நகல்தான் மேடம்” என்றேன், விரலை என்டர் மேல் வைத்துக்கொண்டு.

“கையை எடுங்க.”

“மேடம், இப்பதான் பாத்தேன்...”

“கையை எடுங்க! மேல என்ன போட்டிருக்கு, படிங்க.”

படித்தேன். நிஜப் பதிவு. காலையில் எதற்கோ திறந்து மூடாமல் விட்டிருந்தேன். மாடியில் அறுபது கட்டில்கள்.

அவர் திட்டவில்லை. தன் நாற்காலிக்குப் போய் இடது கையால் வார்டு போனை எடுத்தார்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். முதல் கட்டில்காரருக்கு ஆகாத மருந்து என்ன, திரையைப் பாத்துப் படிச்சுச் சொல்லுங்க.”

“நான் அழிக்கவே இல்லையே மேடம்” என்றேன். அவர் காதில் விழவில்லை.

“சரி சிஸ்டர். அடுத்த கட்டில்?”

எதிர்முனையில் நர்ஸ் சிரிப்பது எனக்கே கேட்டது. பதினெட்டாவது கட்டில் வரை கேட்டார். வலது கை தொடைக்கு அடியிலேயே இருந்தது.