கார்மேகம் அண்ணன் கொடுத்த லீவு

வளைகுடாவில் ஊர்க்காரன் என்பது ஓர் உறவுமுறை. மாமனுக்கு மேலே, சித்தப்பனுக்குக் கொஞ்சம் கீழே. பரமக்குடிப் பக்கம் என்று வாயைத் திறந்தால் போதும்; கட்டில், பக்கெட், பாதிக் குழம்பு எல்லாம் தானாகக் கிடைக்கும். பதிலுக்கு எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.

பாண்டித்துரைக்கு இருபத்து நாலு வயது. அபுதாபி முசஃபாவில் இரும்புச் சட்டங்கள் செய்கிற ஒரு யார்டில் மூன்று வருடமாக ஹெல்பர். ஹெல்பர் என்றால், வெல்டர் கேட்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெல்டர் செய்த அசிங்கத்தைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டும். வெல்டர் டீ குடிக்கும்போது அவர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, மத்தியானம் எல்லோரும் நிழலில் சாய்ந்து கிடக்கும் நேரத்தில், பாண்டி ஸ்கிராப்பில் கிடக்கும் துண்டுப் பைப்புகளை எடுத்து வெல்டிங் போட்டுப் பழகுவான். கை படிந்துவிட்டது. லக்னோக்காரர் ஹஸ்னைன், பதினைந்து வருட வெல்டர், ஒருநாள் அவன் போட்ட பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "அச்சா" என்றார். அவர் ஒருவரைப் பற்றி அதற்கு மேல் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

ஆனால் வெல்டர் ஆக அச்சா போதாது. டெஸ்ட் பாஸாக வேண்டும். வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து எதிரே நிற்பார்; சாய்த்து வைத்த பைப்பைச் சுற்றி ஒட்டிக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம்; என்றைக்கு என்று ஹெல்பர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு தடவைக்கு யார்டிலிருந்து மூன்றே பேர். இந்தத் தடவை மூன்றாவது பெயர் பாண்டித்துரை. நான்காவது பெயர் ஜெயமணி. ஃபோர்மேன் கார்மேகம் அண்ணனின் மச்சினன். வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஊரில் ஜன்னல் கம்பி, கேட்டு வெல்டிங் பார்த்தவன். பைப் வேலை தெரியாது. "நம்ம பய, கொஞ்சம் சொல்லிக்குடுப்பா" என்று அண்ணன் கேட்டதால், அதையும் பாண்டிதான் மத்தியானங்களில் சொல்லிக்கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார்மேகம் அண்ணன் பாண்டியின் ரூமுக்கு வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தம்பி, மூணு வருசத்துல துபாய் பாத்திருக்கியா?"

"ஏர்போர்ட்டு பாத்தேண்ணே."

"அடக் கெரகமே! நாளைக்கு உனக்கு டூட்டி இல்ல. போயி நல்லாச் சுத்திப் பாத்துட்டு வா."

"நாளைக்கு புதன்கெழமைண்ணே."

"புதன்கெழமைன்னா துபாய மூடி வச்சிருப்பானா? ஆபீஸ்ல பேசிட்டேன். இந்தா, இதுல ஒரு கையெழுத்தப் போடு."

"என்னாண்ணே இது?"

"லீவு பேப்பருடா. பின்ன, உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?"

பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது. பாண்டி பத்தாவது பாஸ். எழுத்துக் கூட்டினால் ஓரளவு வந்துவிடும். ஆனால் அண்ணனை நிற்க வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவது அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? தமிழில் பெயரை எழுதி, அடியில் கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தான். அண்ணன் மனம் குளிர்ந்து தன்னுடைய பஸ் கார்டையும் கொடுத்தார். ஜெயமணி தன் சென்ட் பாட்டிலை நீட்டினான். ஹெல்பருக்கு இத்தனை மரியாதை ஒரே சாயங்காலத்தில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாண்டி சென்ட் அடித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

காலை ஆறு மணி பஸ். ஜனவரிப் பனியில் ரோடே தெரியவில்லை. துபாய்க்குள் நுழைந்து மெட்ரோ ஏறினான். டிரைவர் இல்லாத ரயில் என்று கேள்விப்பட்டிருந்ததால், முதல் பெட்டிக்கே போய் நிஜமாகவே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். ஃபோர்மேன் இல்லாமலும் ஒரு வேலை நடக்கும் என்பது அவனுக்குப் பெரிய செய்தி. பர்துபாயில் இறங்கி, ஆப்ராப் படகில் கால்வாயைக் கடந்து தேராவுக்குப் போனான். போனதும் அதே படகில் திரும்பி வந்தான். அடுத்துப் பெரிய மால். எல்லோரும் கடைகளைப் பார்த்தார்கள். பாண்டி மாடிப்படியின் ஸ்டீல் கைப்பிடியைப் பார்த்தான். ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத வேலை. குனிந்து விரலால் தடவிக்கொண்டே பத்துப் படி ஏறிவிட்டான்.

செக்யூரிட்டி வந்து நின்று, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார். "க்யா ஹுவா, பாய்?"

"வெல்டிங்," என்றான் பாண்டி. "பஹுத் அச்சா."

செக்யூரிட்டி கைப்பிடியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், எதையும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

வெளியே வந்து, உலகமே நின்று படம் எடுக்கிற அந்த உயரமான கோபுரத்தின் அடியில் அவனும் நின்று எடுத்தான். கழுத்து வரை இவன், மேலே பாதிக் கோபுரம். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. ஹஸ்னைன்.

"பாண்டி பாய், கிதர் ஹே?"

"துபாய்ல, பாய். லீவு."

ஹஸ்னைன் இந்தியில் நிதானமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். டெஸ்ட் நடக்கிறது. மூன்றாவது பூத்தில் முகமூடி போட்டு நிற்பது ஜெயமணி. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஆபீஸில் பேச்சு. "ஜல்தி ஆ." சீக்கிரம் வா.

கோபுரத்திலிருந்து மெட்ரோவுக்கு ஓட்டம். மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு ஓட்டம். ஜெபல் அலியின் கண்டெய்னர் கிரேன்கள் ஜன்னலில் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒன்றும் வேகமாகக் கடக்கவில்லை. அண்ணனுக்கு ஏழு தடவை போன் போட்டான்; எடுக்கவில்லை. அதுவரைக்கும் பாண்டி நினைத்தது இதுதான்: அண்ணனுக்கே டெஸ்ட் தேதி தெரிந்திருக்காது, பாவம், பதறிப்போயிருப்பார்.

யார்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. இன்ஸ்பெக்டரின் கார் போய்விட்டது. மலையாளி இன்ஜினியர் பைப்புகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், என் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு சார்."

"இருந்தது. நீயல்லே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது?" ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "இது உன் ஒப்புதானே?"

அடியில் கோடு, இரண்டு புள்ளி. இன்ஜினியர் வாசித்து அர்த்தம் சொன்னார். எனக்கு இப்போது வெல்டர் டெஸ்டில் விருப்பமில்லை. என் இடத்தை ஜெயமணிக்குக் கொடுக்கலாம். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தக் கடைசி வரி மட்டும் உண்மை. வற்புறுத்தவே தேவைப்படவில்லை.

கார்மேகம் அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். இன்ஜினியர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதடா தம்பி. அவன் குடும்பஸ்தன், ரெண்டு பிள்ள. ஒங்க மதினி கனகா தெனமும் போன்ல அழுகுறா, எந்தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு. ஒனக்கென்ன, கல்யாணமாகாத பய. ஆறு மாசம் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும். துபாயும் பாத்துட்டேல்ல?"

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்ல?"

"குடுத்திருப்பியா?"

பாண்டி யோசித்தான். "குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல," என்றார் அண்ணன். அவர் முகத்தில் குற்றம் இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் சண்டை சச்சரவில்லாமல் முடித்த மனுஷனின் அலுப்புதான் இருந்தது.

"வேற எவனாச்சும் ஏமாத்தியிருந்தா, பாஷ தெரியாமப் போச்சுன்னு மனசத் தேத்திக்குவேண்ணே. நீங்க தமிழ்ல ஏமாத்திட்டீங்க."

அதுதான் அவன் அவரைக் கடைசியாக அண்ணே என்று கூப்பிட்டது.

ஜெயமணி பாஸாகிவிட்டான். சொல்லிக்கொடுத்த கை அப்படி. அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு ஹெல்பராக பாண்டித்துரையைப் போட்டார்கள். ரெண்டு பேரும் நம்ம பயலுக, ஒத்துமையாக வேலை ஓடும் என்று ஃபோர்மேனே ஷீட்டில் எழுதினார்.

முதல் பைப்பில் வெல்டிங் ராடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஜெயமணி முகமூடியைத் தூக்கினான்.

"பாண்டி, இதுக்கு ஆம்பியர் எவ்வளவுடா வைக்கணும்?"

"மாலூம் நஹீ, பாய்."

"தெரியாதா? வெளையாடாதடா. நீதானடா சொல்லிக்குடுத்த."

"மாலூம் நஹீ."

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹஸ்னைன் திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கார்மேகம் வேகமாக வந்தார்.

"என்னடா ஆச்சு? எதுக்குடா இந்தி? தமிழ்ல பேசித் தொலையேன்டா!"

"ஹெல்பர் ஹூம், சாப்," என்று, தான் வெறும் ஹெல்பர் என்பதை இந்தியிலேயே சொன்னான் பாண்டித்துரை. ரொம்ப மரியாதையாக முகமூடியை வாங்கி, மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.