ஜைத்தூன் பீ ஜகாத் கொடுத்த வருஷம்

கச்சேரி ரோடு சந்தில் இட்லி சுட்டு விற்கும் ஜைத்தூன் பீக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. ரிக்‌ஷா இழுத்த புருஷன் மௌத்தானதும் குடும்ப உதவி என்று சர்க்கார் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. பொதுக் கஜானாவில் ஏழைக்கும் பங்குண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதால் கூசாமல் வாங்கிக்கொண்டாள். வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே கிரைண்டர் வாங்கியிருப்பாள். இவளோ பவுடர் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். பேங்கில் போட்டால் வட்டி வரும், வட்டி ஆகாது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ரம்ஜானுக்கு ரம்ஜான் பள்ளிவாசல் வரிசையில் நின்று, வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஜகாத் பணம் வாங்கியவள் அவள். பத்து வருஷமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம் வெள்ளியின் விலை ரொக்கமாகக் கையில் இருந்தால் ஜகாத் வாங்கக்கூடாது, வருஷம் திரும்பியும் அது இருந்தால் நூற்றுக்கு இரண்டரை கொடுத்தே ஆகவேண்டும் என்றார் ஹஜ்ரத். அன்றைய வெள்ளி விலைக்கு அது ஐயாயிரத்துக்குள் அடங்கியது. கிரைண்டர் வாங்கினால் அது தொழில் சாமான், கணக்கில் சேராது, பழையபடி வரிசைதான். கொடுத்தே ஆகவேண்டும் என்ற வார்த்தை அவளுக்கு அல்வாவாய் இனித்தது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, துட்ட வெச்சிக்கினு ஆட்டுக்கல்லுல கை ஒடிய அரைச்சிக்கினு கீற?"

"ஒரே ஒரு வாட்டி குடுத்துப் பாத்துடணும் பாஞ்சாலி" என்றாள் ஜைத்தூன் பீ.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கையில் பாழாய்ப்போன வெள்ளி விலை ஏறித் தொலைத்தது. சேட்டுக் கடையில் தினமும் போய் விசாரித்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராமுக்குக் கணக்குப் போட்டால் ஐயாயிரத்து முப்பது வந்தது. முப்பது ரூபாயில் அவள் மறுபடி ஏழை! அழுகையே வந்துவிட்டது. அந்த வாரம் தினம் ஒரு படி கூடுதலாக ஆட்டினாள். தோள் வீங்கியது, ஆனால் எண்பது ரூபாய் சேர்ந்தது. நல்லவேளை, வெள்ளி அதற்குமேல் ஏறவில்லை.

நாள் வந்ததும் நூற்றிருபத்தேழு ரூபாயை ஹஜ்ரத்திடம் கொடுத்தாள். மறுநாளே பாஞ்சாலியோடு தி.நகர் போய்க் கிரைண்டர் வாங்கி வந்தாள். டப்பா காலி.

மறு ரம்ஜானில் ஜகாத் வாங்குவோர் பட்டியல் எழுதிய ஹஜ்ரத், அவளைக் கேட்கச் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என் பேரையும் எழுதிக்கங்க ஹஜ்ரத்" என்றாள் அவள். "குடுக்கறவங்களுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்னு இப்ப எனக்குத் தெரியும். வாங்கிக்க வெக்கமில்ல."