மஞ்சள் கையோடு மெடிக்கலுக்குப் போனோம்

கோடை வருவதற்கு முன்பே தோலுக்குச் சாப்பாடு போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. வெயில் வந்து பொரித்தெடுத்த பிறகு முகத்தில் எதையாவது அப்பிக்கொண்டு உட்காருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

போன கோடையில் என் வீட்டுக்காரர் பட்ட பாடு அப்படி. திறந்தவெளிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற நிலக்கரியை அள்ளிப் போடும் கான்ட்ராக்ட் வேலை. மேலே வெயில், கீழே கரித்தூள். முதுகெல்லாம் வேர்க்குரு. அவர் முதுகைத் தேய்த்துத் தேய்த்தே எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துபோனது.

அதனால் இந்த வருஷம் மாசி பிறந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். காலையில் ஒரு நெல்லிக்காய். டப்பாவில் சோற்றோடு பூசணிக்காய்க் கூட்டு, கூடவே ஒரு காரட். சாயங்காலம் பப்பாளி. பஜ்ஜி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் தடை.

"இன்னா இது, மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சிகினு நிக்கிற?" என்றார். குறிஞ்சிப்பாடிக்காரர், கருவாடு இல்லாத சோற்றைச் சோறாகவே மதிக்காதவர்.

"சாப்பிடுங்க. தோலு பளபளன்னு ஆகும். பத்து வயசு குறைஞ்ச மாதிரி தெரிவீங்க" என்றேன்.

கொஞ்ச நாளில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. டப்பா துடைத்து வைத்தாற்போல் திரும்பி வந்தது. முகத்திலும் ஒரு மினுமினுப்பு. தெருவில் யாரைப் பார்த்தாலும் பூசணிக்காயின் பெருமை பேச ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதற்கு மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்த வேலை. உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டால் சம்பளம் வேறு, வாழ்க்கை வேறு. கம்பெனி நகரியத்துக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். தோட்டத்தில் எந்த மூலையில் முருங்கை வைப்பது என்பதுவரை நான் முடிவு செய்திருந்தேன்.

மெடிக்கலுக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்கா, கூட்டு வாங்கிப் போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கிண்ணத்தை வாங்க என் வீட்டுக்காரர் கையை நீட்டியதும் அக்கா அலறினார்.

"ஏ பிள்ள, இவுகளுக்கு மஞ்சக்காமாலைல்லா! கையப் பாரு!"

பார்த்தேன். உள்ளங்கை மஞ்சள் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. பாதமும் அப்படியே. மூக்கு நுனி தனியாகப் பழுத்திருந்தது. இத்தனை நாளாக அதைத்தான் நான் மினுமினுப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அக்கா கீழாநெல்லியைப் பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கி ஊற்றினார். இவர் குடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "'அன்ஃபிட்'டுனு எழுதிட்டா அவ்ளோதான். இத்தினி வருசமும் வீணு." அவர் உடம்புக்கு என்னவோ என்று எனக்கு ஒரு பயம், வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். இரண்டும் சேர்ந்து தூங்கவிடவில்லை.

காலையில் பார்த்தால் மனிதர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற பூட்சைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். கொட்டிய கரித்தூளை இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்தார். தினமும் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி நான் கத்துகிற அதே கரி.

"கேட்டா நேரா ஷிப்ட்டுல இருந்து வர்றேன்னு சொல்லிக்கிறேன்."

"டாக்டர் கையப் பார்க்க மாட்டாங்களா?"

"கரிதான் தெரியும்."

டாக்டரம்மா முதலில் பார்த்தது கையைத்தான். "போய்க் கழுவிட்டு வாங்க" என்றார். குழாயில் கறுப்பு ஓட ஓட அடியிலிருந்து மஞ்சள் எழுந்து வந்தது. வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார். இவர் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காரட் நிறைய சாப்பிடுவாரா?"

"தினம் ஒண்ணுதான் மேடம் குடுக்கிறேன்" என்றேன் பெருமையாக.

இவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணு இல்லீங்க. போற வழியில கிலோ கணக்குல வாங்கிகினு போயி, வேலையில உக்காந்து தின்னுவேன்."

ரத்தம் எடுத்தார்கள். மதியம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு டாக்டரம்மா கூப்பிட்டுச் சிரித்தார். "காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'ஃபிட்'னு எழுதிட்டேன். காரட், பூசணி, பப்பாளி மூணையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க. உங்க பழைய நிறம் வந்துடும்."

"பழைய நிறமேவா மேடம்?" என்றார் இவர்.

"அப்படியே வந்துடும். கவலைப்படாதீங்க."

பர்மனென்ட் ஆகப்போகிற மனிதரின் முகம் அப்படியா தொங்கும்? வெளியே வந்ததும் என்ன விஷயம் என்று பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பொங்கலுக்குப் போவும்போது பஸ்ல கண்டக்டரு உன்னாண்ட கேட்டாரே, அப்பாவுக்கும் சேத்து டிக்கெட்டானு. பின்னாடி நின்னுகினுதான் இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. ரெண்டு டிக்கெட்ட வாங்கிகினு வந்துட்ட."

அப்படி ஒன்று நடந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. கூட்டத்தில் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் நாலே வயது வித்தியாசம். மிச்சத்தையெல்லாம் வெயில்தான் கூட்டிவைத்தது. அந்த மிச்சத்தைக் குறைக்கத்தான் மனிதர் கரிக்குழியில் உட்கார்ந்து காரட்டைக் கடித்திருக்கிறார்.

"எனக்கு அந்தப் பழைய நிறந்தாங்க பிடிக்கும்" என்றேன்.

"சும்மா சொல்லிகினு" என்றார்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் பின்சீட்டுவரை கேட்கிற மாதிரி சொன்னேன்: "ரெண்டு டிக்கெட். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் புருஷனுக்கு!"

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா, எங்க எறங்கணும்?"

அதற்குள் இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "மெதுவா பேசுடி, மானம் போவுது" என்றார். ஆனால் பிடித்த தலைப்பை இறங்கும்வரை விடவில்லை.